சாய்வொளியா, தவழொளியா?

அனைவருக்கும் வணக்கம்.

வீணைப் பட்டறைகளுக்கான கையேட்டில் 'ரேக்கிங் லைட்' (raking light, பரப்பை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் விழச் செய்யும் ஒளி) என்பதற்குச் 'சாய்வொளி' என்று ஒருவரும் 'வருடொளி' என்று இன்னொருவரும் பரிந்துரைத்திருந்தீர்கள். 'தவழொளி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இந்த விளக்கு பட்டறையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

பலா மரத்தில் கடைந்த குடம், அதாவது வீணையின் உருண்டையான அடிப்பகுதி, உளி வேலை முடிந்து உப்புத்தாள் தேய்க்கும் கட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டில் பார்த்தால் மழமழவென்று இருக்கும், கையால் தடவினாலும் பெரிதாக ஒன்றும் தட்டுப்படாது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால், உளி பட்ட தடம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மெருகு ஏற்றிய பிறகு இவை கண்ணில் பட்டால் மறுபடி சுரண்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே மெருகுக்கு முன்பே இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

இதற்குக் காரணம் எளிய கணக்குதான். 0.1 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு மேடு, 45 பாகை சாய்வில் வரும் ஒளியில் அதே 0.1 மில்லிமீட்டர் நீளத்துக்குத்தான் நிழல் விழுத்தும். ஒளியை 5 பாகைக்கு இறக்கினால் நிழல் பதினொரு மடங்குக்கு மேல் நீண்டு 1 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். மேடு மாறவில்லை, நிழல்தான் வளர்ந்தது. 45 பாகையில் வருவதும் சாய்ந்த ஒளிதானே? 'சாய்வொளி' என்று எழுதினால் படிப்பவர் விளக்கைத் தோள் உயரத்தில் நிறுத்திவிட்டு, தடம் எதுவும் தெரியவில்லை என்பார். பரப்பை ஒட்டியே ஒளி செல்ல வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும்.

'வருடொளி' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 'வருடி' என்ற சொல்லை ஸ்கேனருக்குக் கொடுத்துப் பல காலம் ஆகிவிட்டது. வருடொளி என்றதும் ஸ்கேனருக்குள் நகரும் வெளிச்சம்தான் நினைவுக்கு வரும். 'தவழ்' என்றால் குழந்தை நினைவு வரும் என்று ஒரு தயக்கம் எழலாம். மலையில் முகில் தவழ்கிறது, தென்றல் தவழ்கிறது என்றெல்லாம் சொல்கிறோமே. தரையை ஒட்டி மெல்ல நகர்வது என்ற பொருள்தான் எல்லாவற்றிலும் இருக்கிறது, நமக்கு வேண்டியதும் அதுவே. கிளைச்சொற்களும் எளிதாக வரும்: தவழ்கோணம், தவழொளி விளக்கு, தவழொளிப் படம்.

கையேட்டில் சொல்லோடு சேர்த்து இரண்டு செய்திகளையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒளி போகும் திசையிலேயே ஓடும் கீறல் நிழல் தராது. ஆகவே ஒரு பக்கம் பார்த்து முடித்ததும் விளக்கைக் குறுக்குத் திசைக்கு மாற்றி இன்னொரு முறை பார்க்க வேண்டும். அடுத்தது, குடம் உருண்டை என்பதால் ஒளி அதன்மேல் முழுவதுமாகத் தவழாது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஒரு குறுகிய பட்டையில்தான் தவழும். குடத்தை மெல்ல உருட்டி, அந்தப் பட்டை எல்லா இடத்தையும் கடந்து போகும்படி செய்ய வேண்டும். குடத்தை மூடும், பலகைபோல் தட்டையான ஏட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம், படம் எடுக்கும் பக்கம். விற்பனைக்காகவோ ஆவணத்துக்காகவோ வீணையைப் படம் எடுக்கும்போது தவழொளியை மட்டும் நம்பினால் கருவி கரடுமுரடாகத் தெரியும். அங்கே முதன்மை ஒளி பெரியதாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். யாளி முகத்தின் செதுக்கலும் குடத்தின் மேலுள்ள பூ வேலையும் எழுந்து தெரிவதற்கு மட்டும் பக்கத்திலிருந்து கொஞ்சம் தவழொளி சேர்த்தால் போதும். மெருகின் மேல் தெரியும் கண்கூசும் பளபளப்பை லென்ஸில் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டி பெருமளவு குறைக்கும். பித்தளை மெட்டுகளின் (தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகளின்) பளபளப்பு அதற்கு அடங்காது, உலோகத்தில் எதிரொளிக்கும் ஒளியின் இயல்பு வேறு. 24 மெட்டுகளிலும் வெள்ளைக் கோடு ஒரே சீராக விழ வேண்டுமென்றால் அந்த வேட்டித் திரை தண்டியின் (மெட்டுகள் இருக்கும் நீண்ட கழுத்துப் பகுதியின்) முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும்.

ஜன்னல் ஒளியையும் மஞ்சள் பல்பையும் கலக்காதீர்கள், பலாவின் நிறம் கெட்டுவிடும். எல்.இ.டி. வாங்கினால் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான, 100 வரை போகும் அளவு) 90க்குக் குறையாமல் பாருங்கள். பழைய ஹாலஜன் விளக்கை மெட்டுகளுக்கு அருகில் வைக்கவே கூடாது. மெட்டுகள் உட்கார்ந்திருப்பது மெழுகின் மேல். அது இளகினால் மெட்டு நகரும், சுருதி போய்விடும், மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிக்க, வேண்டியிருக்கும்.

இந்தச் சொல் வீணையோடு நின்றுவிடாது என்பதும் எனக்கு ஒரு காரணம். தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்கள் காலையிலோ மாலையிலோ வெயில் சாயும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள், இல்லையென்றால் இருட்டில் பக்கவாட்டாக விளக்குப் பிடிப்பார்கள். ஓவியங்களின் மேற்பரப்பில் உரிந்த இடங்களைக் கண்டுபிடிக்கவும் இதே முறைதான். மூன்று துறைக்கும் ஒரே சொல் இருந்தால் தேடுபவருக்கு எளிது.

கோணத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் குழப்பம் வரும். இயற்பியல் பாடத்தில் படுகோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. நாம் சொல்லும் 5 பாகை அங்கே 85 பாகை. கையேட்டில் இந்தச் சொல்லுக்கான பதிவை இப்படி அமைக்கலாமா?

தவழொளி (பெயர்): ஒரு பரப்பை ஒட்டினாற்போல, பரப்பிலிருந்து அளக்கும்போது ஏறத்தாழ 10 பாகைக்கு உட்பட்ட கோணத்தில் வந்து, மேடு பள்ளங்களை நிழலால் காட்டும் ஒளி. அந்தக் கோணம் தவழ்கோணம்.

10 என்ற எல்லை கூடுதலா குறைவா என்று கல்வெட்டுப் படம் எடுப்பவர்கள் சொன்னால் திருத்திக்கொள்ளலாம்.