டர்போ எஞ்சினுக்கு எக்ஸாஸ்ட் சூட்டு மீட்டர்: மாட்டியவர்கள் சொல்வது

மண்டபம் விசைப்படகு:

போன மீன்பிடித் தடைக்காலத்தில் படகு எஞ்சினைப் பிரித்தோம். ஆறு சிலிண்டர் டர்போ, அதாவது வெளியேறுகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனின் மண்டையில் ஒரு ஓரம் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது. சீசன் முழுக்கத் தண்ணீர்ச் சூட்டு மீட்டர் 85-ஐத் தாண்டவில்லை, ஆயில் பிரஷர் சரியாக இருந்தது, டிரைவரும் ஒருநாள்கூட சூடாகுது என்று சொன்னதில்லை. மெக்கானிக் அண்ணன் பிஸ்டனைக் கையில் வாங்கி அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, இது தண்ணிச் சூடு இல்ல, நெருப்புச் சூடு. இதுக்குத் தண்ணி மீட்டர் பதில் சொல்லாது" என்றார். அன்றைக்குத்தான் எஞ்சின் புகையின் சூட்டைக் காட்டுகிற எக்ஸாஸ்ட் மீட்டர் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

தண்ணீர் மீட்டர் பிளாக்கைச் சுற்றி ஓடுகிற நீரின் சூட்டைத்தான் காட்டும். அது ஏற நேரம் பிடிக்கும், கூலர் நன்றாக இருந்தால் ஏறவே ஏறாது. வலையின் மடி கனத்து, கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது டிரைவர் ஆக்சிலேட்டரைக் கூட்டுவார், டீசல் அதிகமாக இறங்கும், டர்போ தருகிற காற்று அதற்கு ஈடு கொடுக்கவில்லை என்றால் புகைச் சூடு சில நொடிகளிலேயே மளமளவென்று ஏறிவிடும். டீசல் கூடக் கூடச் சூடு கூடும், காற்று கூடினால் குறையும், டீசல் எஞ்சினுக்கு இதுதான் கணக்கு. டர்போவுக்கு முன்னால் எடுக்கும் அளவில், தொடர்ந்து இழுக்க 700 டிகிரிதான் எல்லை என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் அலுமினியத்தில் செய்தது, அலுமினியம் 660 டிகிரியில் உருகும். புகை 700 போனதுமே பிஸ்டன் உருகிவிடாது, அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி அதைக் குளிர்வித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வலையை மூன்று மணி நேரம் விடாமல் இழுக்கிற நமக்கு அந்த தைரியம் வேண்டாம்.

வாங்கும்போது எல்லோரும் டயலைத்தான் பார்க்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது சென்சாரை. கே டைப் தெர்மோகப்பிள் வேண்டும், இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்த சென்சார் அது, 1000 டிகிரிக்கு மேலேயும் தாங்கும். முனை திறந்த சென்சார் சட்டென்று காட்டும், ஆனால் சீக்கிரம் அரித்துப் போகும். மரப்படகின் அதிர்வில் முனை ஒடிந்தால் அது நேராக டர்போவின் சக்கரத்துக்குள்தான் போகும். அதனால் முனை மூடிய, தடித்த ஸ்டீல் உறை போட்டதை வாங்கினேன். ஓரிரு நொடி தாமதமாகக் காட்டினால் பரவாயில்லை.

அடுத்தது ஒயர், என் காசு வீணானது இங்கேதான். சென்சாரோடு வந்த ஒயர், டிரைவர் நிற்கிற வீல்ஹவுஸ் வரை எட்டவில்லை என்று சாதாரண செம்பு ஒயரை ஒட்டுப் போட்டு இழுத்துவிட்டோம். தெர்மோகப்பிள் தருவது மிகச் சின்ன மின்சாரம், 700 டிகிரியிலேயே 29 மில்லிவோல்ட்தான். நடுவில் செம்பு வந்தால், ஒட்டுப் போட்ட இடத்துக்கும் மீட்டருக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு குறைத்துக் காட்டும். எஞ்சின் ரூமில் ஒட்டு 75 டிகிரியில் இருக்கிறது, வீல்ஹவுஸில் மீட்டர் 33-ல் இருக்கிறது, அப்படியென்றால் 42 டிகிரி குறைவு. கூட்டிக் காட்டினாலாவது பயந்து வேகத்தைக் குறைப்போம், குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. கே டைப் நீட்டிப்பு ஒயர் என்று கேட்டு வாங்கி முழுதும் மாற்றினேன். அமெரிக்க நிறக் கணக்கில் வருகிற ஒயரில் சிவப்புதான் மைனஸ், மஞ்சள் பிளஸ். நம் ஆட்கள் பழக்கத்தில் சிவப்பை பிளஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள், முள் ஏறாமல் இறங்கும். மாட்டும் முன் சென்சார் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 100 பக்கம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பில்தான் பார்த்தேன், 98 காட்டியது.

துளை போடுவதுதான் எல்லோருக்கும் பயம். சென்சார் உட்காருவது மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகை ஒன்று சேர்ந்து டர்போவுக்குப் போகிற குழாயில். அதைக் கழற்றி மேசையில் வைத்துப் போடுவதே நல்லது, தடைக்காலத்தில் படகு கரையில் ஏறியிருக்கும்போது அதற்கு நேரமும் இருக்கிறது. வார்ப்பிரும்பு, மிருதுவாகத்தான் துளை விழும். மெக்கானிக் அண்ணன் டிரில் பிட் நுனியில் கிரீஸை அப்பிக்கொண்டு, நாலு சுற்று சுற்றுவார், வெளியே எடுத்துத் துணியில் துடைப்பார், மறுபடி அப்புவார். கருப்புப் பொடி முழுதும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. மரை வெட்டுகிற 1/8 பைப் டேப்பையும் அதே மாதிரி கிரீஸ் தடவியே ஓட்டினார். கடைசியில் காந்தம் விட்டுத் துழாவி, காற்றடித்து, டார்ச் அடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு இரும்புப் பொடி தங்கினாலும் டர்போ பிளேடு போய்விடும். சென்சார் முனை குழாயின் நடுவில், புகை ஓடுகிற வழியில் நிற்க வேண்டும், சுவரை ஒட்டி நின்றால் குறைவாகத்தான் காட்டும். மரைக்குச் சூடு தாங்குகிற பேஸ்ட் தடவுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் கழற்ற முடியாது. எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கிற எஞ்சின் என்றால், தண்ணீர் சேருவதற்கு முன்னால்தான் மாட்ட வேண்டும் என்பது சொல்லாமலே புரியும்.

ஜூன் 14-ஓடு தடை முடிந்து முதல் நாள் போனோம். வலை இல்லாமல் ஓடும்போது 380. வலையின் வாயை அகட்டுகிற பலகை இறங்கி வலை விரிந்ததும் 470, 510, 530-ல் வந்து நின்றது. டிரைவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, இதைப் பார்த்துட்டே ஓட்டினா கை தானா குறையுது" என்றார். இரண்டு மாதம் அப்படியே போனது. பிறகு அதே ஆர்பிஎம், அதே வலை, 590. தண்ணீர் மீட்டர் வழக்கம்போல 82. நாசில் பார்த்தோம், ஃபில்டர் மாற்றினோம், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் டர்போக் காற்றைக் குளிர்விக்கிற கூலரைத் திறந்தால் கடல் தண்ணீர் ஓடுகிற குழாய்களில் பாதிக்குச் சேறும் கடல் புல்லும் அடைத்துக் கிடந்தது. பாக் நீரிணையில் ஆழம் குறைவு, தண்ணீர் கலங்கினால் அடிச்சேறுதான் பம்பில் ஏறும். கம்பி விட்டுக் குத்தித் துடைத்துப் போட்டோம், அடுத்த நாளே 535. மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு பிஸ்டன் போயிருக்கும்.

தொண்டிக்காரன்:

எனக்கு டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் மாட்டிவிட்டார்கள், துளை போட வசதி என்று. 480-ஐத் தாண்டவே தாண்டாது, நானும் நிம்மதியாக இழுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இருட்டில் எஞ்சின் ரூமுக்குள் இறங்கினால் மேனிஃபோல்டு செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. புகை தன் சூட்டில் ஒரு பங்கை டர்போவைச் சுழற்றுவதற்கே செலவழித்துவிடுகிறது, அதனால் முழு இழுப்பில் பின்னால் 100, 200 டிகிரிகூடக் குறைவாக இருக்கும். லோடு மாறினால் அந்த வித்தியாசமும் மாறும், ஒரு எண்ணைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. இப்போது முன்னால் மாற்றிவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, என் புரொப்பல்லரின் பிட்ச், அதாவது இலையின் சாய்வு, எஞ்சினுக்கு அதிகம். அதைக் குறைத்தேன். மீன் குறையவில்லை, டீசல் குறைந்தது.

ஐஸ் வண்டி, பாம்பன்:

நான் படகுக்காரன் இல்லை, பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றுகிற பழைய பிக்கப். யாரோ சொன்னார்கள் என்று பம்பில் டீசலைக் கூட்டி வைத்தேன், இழுவை அருமையாக இருந்தது, கறும்புகையும் இருந்தது. மீட்டர் மாட்டிய பிறகு பாலத்தில் ஏறும்போது எதிர்காற்றில் 720 பார்த்தேன். அன்றைக்கே பம்பைப் பழையபடி வைத்துவிட்டேன். இன்னொன்று, வண்டியை நிறுத்தினதும் சாவியைத் திருப்பாதீர்கள். 200-க்குக் கீழே வருகிற வரை ஐடிலில் விடுங்கள், டர்போ பேரிங்கில் நிற்கிற ஆயில் கருகாது. சத்திரக்குடி டீக்கடையில் நிறுத்தினால் எனக்கு இரண்டு நிமிடத்தில் 160 வந்துவிடுகிறது, அதற்குள் கிளீனர் தம்பி இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவான்.