17 வயசு சான்ட்ரோ, ஓடினது 14,800 கிலோமீட்டர்

மீட்டர்ல 14,800னு பார்த்ததும் கை பரபரத்துருச்சு. 2006 சான்ட்ரோ ஜிங் கார், கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டு போர்டிகோவுல நின்னுச்சு. ஓட்டினவர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். 2014ல அவருக்கு பக்கவாதம் வந்த அன்னைக்கு நிறுத்தின வண்டி. அவர் தவறினப்புறம் வீட்டம்மா 2023ல விக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. "மழை தூறினாலே எடுக்க மாட்டார் தம்பி"ன்னாங்க. அது பொய்யில்ல. சீட்டுல கம்பெனி பாலித்தீன் கவர் பாதி அப்படியே இருந்துச்சு. 95,000 சொன்னாங்க, 80,000க்கு முடிஞ்சுது.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய ரோட்டுல ஓட்ட முடியாதுங்கிறதால ரெக்கவரி வண்டியில ஏத்தலாம்னு போனா, பின்சக்கரம் ரெண்டும் உருளவே இல்ல. ஹேண்ட்பிரேக் போட்டபடியே ஒன்பது வருஷம் நின்னதுல ஷூ டிரம்மோட ஒட்டிக்கிச்சு. சுத்தியலால டிரம்மைச் சுத்தித் தட்டித் தட்டித்தான் விடுவிச்சோம்.

ஷெட்டுக்கு வந்ததும், "பேட்டரி போட்டு ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்ப்போமாண்ணே"ன்னு கேட்டேன். மெக்கானிக் அண்ணன், "சாவியத் தொடாதீங்க"ன்னு அதட்டிட்டார். நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விட்டார். மறுநாள் கிராங்க் புல்லியில ஸ்பேனர் போட்டுக் கையாலதான் சுத்தினார். முதல்ல கொஞ்சம் முரண்டு, அப்புறம் வழுக்கிக்கிட்டு சுத்துச்சு. இன்ஜின் இறுகிப் போகலைன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தா உள்ள எலிக் குடித்தனம். தேங்காய் நாரு, கடலைத் தோலு, நடுவுல தினசரி காலண்டர் தாள் ஒண்ணு. ஹெட்லைட் ஒயரைக் கடிச்சு வச்சிருந்துச்சு. டேங்கை இறக்கினா பெட்ரோல் கட்டன் சாயா நிறத்துல, வார்னிஷ் வாசனையோட வந்துச்சு. பம்ப் ஜாம். இன்ஜெக்டரைக் கழட்டி சுத்தம் பண்ணினோம்.

நான் ஏமாந்தது இன்ஜின் வால்வை இயக்குற டைமிங் பெல்ட் விஷயத்துல. 15,000 கூட ஓடலையே, அது புதுசுதானேன்னு வாதாடினேன். அண்ணன் பெல்ட்டைக் கழட்டி என் கண் முன்னாடி மடக்கிக் காட்டினார். பல்லுக்குப் பல்லு வெடிப்பு. "ஓடுறப்ப இது அறுந்திருந்தா உங்க 80,000 போச்சு"ன்னார். ரேடியேட்டர் ஹோஸ், இன்ஜின் மவுண்ட், ஆக்சில் பூட், வீல் சிலிண்டர் வாஷர்னு ரப்பர் எதெல்லாம் இருந்துச்சோ எல்லாமே அதே கதிதான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து கருத்துப் போயிருந்துச்சு. டயர்ல பட்டன் அப்படியே நிக்குது, ஆனா பக்கவாட்டுல முடி மாதிரி வெடிப்பு. அதுல 1106னு அச்சடிச்சிருந்துச்சு. 2006ஆம் வருஷம் 11ஆவது வாரத்துல செஞ்ச டயர். நாலையும் தூக்கிப் போட்டேன்.

ஏசி சேர்த்து ரிப்பேருக்கு மட்டும் 64,000 ஆச்சு. வண்டி விலையோட சேர்த்தா, அதே காசுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடி, தினமும் ஆபீஸ் போய் வந்த வண்டி ஒண்ணு கிடைச்சிருக்கும். இனிமே வாங்கினா அதைத்தான் வாங்குவேன். ஆனா இந்தக் கழுதை இப்ப பட்டு மாதிரி ஓடுது, அதையும் சொல்லணும்.

---

சான்ட்ரோ அண்ணனோட கடைசி வரியைப் படிச்சு ஆசைப்பட்டுடாதீங்க மக்களே. எனக்கும் இப்படி ஒரு 2004 ஆல்ட்டோ மாட்டப் பாத்துச்சு. "டாக்டர் வண்டி சார், 22,000 கிலோமீட்டர்தான், ரொம்ப நாள் ஷெட்லயே நின்னது"ன்னு புரோக்கர் சத்தியம் பண்ணினார். பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருந்ததைப் பார்த்தே சந்தேகம். டிரைவர் கதவைத் திறந்து தூண் பக்கம் பார்த்தா, பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. 'அடுத்த ஆயில் 78,500'. போட்டோ எடுத்துக் காட்டினேன். அவர், "அது வேற வண்டி ஸ்டிக்கரா இருக்கும் சார்"ன்னார். பழைய சர்வீஸ் பில்லு கேட்டு வாங்காம மீட்டரை நம்பவே கூடாது.

---

என் மாமா வண்டி 98 ஜென். அவர் துபாய்ல இருந்தப்ப அத்தை வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துலயே ஓட விடுவாங்க. அக்கறைதான். ஆனா சைலன்சர் சூடேறவே இல்ல, உள்ள தண்ணி தங்கித் தங்கி உள்ளிருந்தே அரிச்சிடுச்சு. நான் எடுத்து முதல் ஸ்பீடு பிரேக்கர் ஏறினதும் சைலன்சர் ரோட்டுல. பின்னாடி வந்த பஸ்காரர் ஹாரன் அடிச்சுச் சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது.

அது போகட்டும், சான்ட்ரோ அண்ணே, பேப்பர் வேலை எப்படி முடிச்சீங்க? ஓனர் தவறினவர்னு சொன்னீங்களே.

---

அதைக் கேக்காதீங்க தம்பி, ரிப்பேரை விட அதுதான் இழுத்துச்சு. முதல்ல இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோட படிவம் 31 போட்டு வண்டியை அந்த வீட்டம்மா பேருக்கு மாத்தணும். அப்புறம்தான் 29, 30 போட்டு என் பேருக்கு. அவங்க ரெண்டு பொண்ணுங்களும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும், ஒருத்தங்க சிங்கப்பூர்ல. 2021லயே 15 வருஷம் முடிஞ்சதால ஆர்சியைப் புதுப்பிக்க வேற வேண்டியிருந்துச்சு. அந்தக் கட்டணம் முன்னாடி 600 ரூபாய்தான். 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. அஞ்சு மாசம் ஆச்சு. வாங்குறதுக்கு முன்னாடி ஆர்சியில யார் பேரு, எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க, பானெட்டை அப்புறம் திறக்கலாம்.

---

நாலு டயரும் மாத்தினேன்னு சொன்னீங்க. ஸ்டெப்னி?

---

இப்பதான் டிக்கியைத் திறந்து பார்த்துட்டு வரேன். 1106.