பல்லு போன இடத்துல எலும்பும் கரைஞ்சிடுச்சு: போன் கிராஃப்ட் (கரைஞ்ச இடத்துல எலும்பு வச்சு நிரப்புறது) பண்ணவங்க அனுபவம் சொல்லுங்க

மேல் வரிசைல வலது பக்கம் கடவாப்பல்லு சொத்தையாகி 2017ல எடுத்தேன். பின்னாடிதானே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு அப்படியே விட்டுட்டேன். ஆறு வருஷம் கழிச்சு இம்ப்ளான்ட் (எலும்புல ஸ்க்ரூ பதிச்சு அதுமேல வைக்கிற செயற்கைப் பல்லு) வைக்கப் போனா சிபிசிடின்னு தாடையை 3டியில காட்டுற ஸ்கேன் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, ஸ்க்ரூ நிக்க எலும்பே இல்லம்மா, 3 மில்லிமீட்டர்தான் இருக்குன்னு. பல்லு இல்லாம மெல்லுற அழுத்தம் நின்னு போனா உடம்பு அந்த எலும்பைக் கரைச்சிடுதாம், முதல் வருஷத்துலயே அகலத்துல பாதி வரைக்கும் போயிடலாமாம், மேல் தாடைன்னா சைனஸ் (கன்னத்துக்குள்ள இருக்குற காத்துப் பை) வேற கீழ இறங்கிடும். பல்லு புடுங்கின அன்னிக்கே அந்தக் குழியில கிராஃப்ட் வச்சிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது, அன்னிக்கு ஒருத்தரும் சொல்லல, அந்த ஆதங்கம் இன்னும் போகல.

எனக்குப் பண்ணது சைனஸ் லிஃப்ட். மரத்துப்போற ஊசிதான், மயக்கம் இல்ல. ஈறைக் கீறி, பக்கவாட்டு எலும்புல சின்னதா ஜன்னல் மாதிரி திறந்து, உள்ள முட்டைக்குள்ள இருக்குமே ஒரு தோலு, அந்த மாதிரி சவ்வைக் கிழியாம மேல தூக்கி, அந்த இடைவெளியில கிராஃப்ட் துகளை நிரப்புறாங்க. வலிக்கல, ஆனா சுரண்டுற சத்தம் மண்டைக்குள்ளயே கேக்கும்.

இன்னொண்ணு, இத கண்டிப்பா சொல்லணும். கையெழுத்து வாங்குற பேப்பரைப் படிச்சப்போதான் அந்தத் துகள் மாட்டெலும்புல இருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சுது. எங்க வீடு சைவம். கேட்டேன், செயற்கையா செஞ்சதும் இருக்கும்மா, அதையே வைக்கலாம்னாங்க. வெள்ளை ரவை மாதிரி இருந்துச்சு, என் கையில எடுத்த ரத்தத்தை மெஷின்ல சுத்தி வந்த மஞ்ச ஜெல்லியோட சேத்து வச்சாங்க. மேல மூடுற கொலாஜன் சவ்வு சில பிராண்டுல பன்னியில இருந்து வர்றதாம், முஸ்லிம் சகோதரங்க முன்னாடியே கேட்டுக்கோங்க, டாக்டருங்க யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல.

மூணு நாள் கன்னம் வீங்கி கஞ்சிதான். மூக்கு சிந்தக் கூடாது, ஸ்ட்ரா கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்துதான் தும்மணும். எனக்கோ டஸ்ட் அலர்ஜி, ஒவ்வொரு தும்மலுக்கும் உசுரு போயி வந்துச்சு. 7 மாசம் கழிச்சு ஸ்கேன்ல அந்த இடம் நல்லா வெள்ளையா தெரிஞ்சப்போ கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் இம்ப்ளான்ட் வச்சு, இன்னொரு 4 மாசம் கழிச்சுதான் அதுமேல பல்லு மாதிரி கேப் போட்டாங்க.

*

அக்கா, நான் ஓசூர். பைக்ல விழுந்து மேல முன்பல்லு போச்சு, வெளிப்பக்கம் இருந்த மெல்லிசு எலும்பும் சேந்து போயிடுச்சு. எனக்குத் துகள் பத்தாதுன்னு கீழ் தாடையில ஞானப்பல்லுக்குப் பக்கத்துல இருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து முன்னாடி ஸ்க்ரூ போட்டு வச்சாங்க. வச்ச இடத்தை விட எடுத்த இடம்தான் வலிச்சுது, கீழ் உதடு ஒரு பக்கம் ரெண்டு மாசம் மரத்தே கிடந்துச்சு, டீ ஒழுகறதே தெரியாது. இப்போ சரியாயிடுச்சு. உங்களுக்கும் மரத்துப்போனா பயந்துக்காதீங்க, ஆனா டாக்டர்கிட்ட அன்னிக்கே சொல்லிடுங்க.

*

எங்கப்பாவுக்குக் கைகூடலைங்க. சுகரும் உண்டு, பீடியும் உண்டு, அந்த கிளினிக்ல ரெண்டையும் ஒரு வார்த்தை கேக்கல. பத்தாவது நாள் தையல் பிரிஞ்சு வாயில மண்ணு மாதிரி நறநறன்னு வருதுன்னார், பாத்தா வச்ச துகள் அத்தனையும் வெளிய வந்துட்டிருக்கு. இப்போ வேற டாக்டர்கிட்ட காட்டுறோம், மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 9.4ல இருந்து 7.1க்கு வந்திருக்கு, பீடிய விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. அடுத்த மாசம் திரும்பப் பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. அக்கா, உங்களுக்கு வச்ச அந்த செயற்கைத் துகள் பேரு பில்லுல இருக்கான்னு பாத்து சொல்றீங்களா?

*

பாத்துட்டேன்ங்க, பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்னு போட்டிருக்கு. அப்பாவை இனிமேலும் ஒரு பீடி கூட தொட விடாதீங்க.