மெட்-பீட்ஸ் ரேங்க் லிஸ்ட்டில் எதை மேலே போடுவது?

வணக்கம். அமெரிக்காவில் மெட்-பீட்ஸ் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் இரண்டையும் சேர்த்துக் கற்கும் பயிற்சி) முடித்த சீனியர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இன்டர்வியூ எல்லாம் முடிந்துவிட்டது. எந்த இடத்தில் பயிற்சி வேண்டும் என்று விருப்ப வரிசையில் எழுதும் ரேங்க் லிஸ்ட்டை மார்ச் தொடக்கத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இரண்டு இடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

நான்கு வருடம், துறைக்கு 24 மாதம், கடைசியில் நிபுணர் சான்றிதழுக்காகத் துறைக்கு ஒன்றாக இரண்டு போர்டுத் தேர்வு. இது எங்கேயும் ஒன்றுதான். முதல் இடத்தில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே வளாகம். இரண்டாவதில் குழந்தைகள் ஆஸ்பத்திரி தனி, காரில் இருபது நிமிடம். ஆனால் அங்கே டிரான்சிஷன் கிளினிக் இருக்கிறது. பிறவி இதயக் கோளாறு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோய்) என்று சின்ன வயதிலிருந்தே வருகிற பிள்ளைகளை, வளர்ந்த பிறகும் கைவிடாமல் பார்க்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்ததே அதனால்தான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மதியச் சாப்பாட்டில் அங்கே ஒரு ரெசிடென்ட் (பயிற்சி டாக்டர்), “பீட்ஸுக்கு மாறின முதல் வாரம், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்றே கை தடுமாறும்” என்று சிரித்தார். குழந்தைகளுக்கு மருந்தை எடை பார்த்துத்தானே கொடுக்க வேண்டும். பெரியவர்கள், குழந்தைகள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறினால் எல்லாருக்குமே இப்படித்தானா?

அப்புறம், நான் ஜே-1 விசா (பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும்). பின்னால் அதிலிருந்து விலக்கு வாங்கித் தரும் வெய்வர் வேலை தேடும்போது இரண்டு போர்டும் உங்களுக்குக் கைகொடுத்ததா? அனுபவம் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்களேன்.