காயம் ஆறித் திரும்பிய கார்னர்பேக்கைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் உண்டா?

ஏணிக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படித்தபோது கைச்செலவுக்கு ஒரு வேலை கிடைத்தது, பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பயிற்சியை சிசர் லிஃப்ட் (கத்தரி மாதிரி விரிந்து உயரும் மேடை) மேல் நின்று வீடியோ எடுப்பது. (2010-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பலத்த காற்றில் லிஃப்ட் சாய்ந்து ஒரு மாணவர் இறந்திருக்கிறார். வீட்டில் 'கேமரா வேலை' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.)

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாம் வருடப் பையன், கார்னர்பேக், சுருக்கமாக கார்னர்; பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரை ஒட்டியே ஓடித் தடுப்பவன். பின்பக்கமாக ஓடிக்கொண்டே வந்து இடது காலை ஊன்றித் திரும்பினான். யாரும் தொடக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் ஏசிஎல் என்ற இணைப்புநார் போயிருந்தது. அந்த வினாடி என் கேமராவில்தான் பதிவாகியிருந்தது.

மறுபடி பயிற்சிக்கு வந்தது பத்து மாதம் கழித்து, ஆகஸ்ட் கேம்பில். முழங்காலில் பிரேஸ், இவன் மேல் மோதாதீர்கள் என்பதற்கு அடையாளமாக வேறு நிற ஜெர்சி. முதலில் தனி டிரில், அப்புறம் செவன் ஆன் செவன் (பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் பயிற்சி), முழு அணியோடு ஆட விட்டது அதற்கும் அப்புறம்தான். நேராக ஓடச் சொன்னால் பழைய வேகம் அப்படியே இருந்தது, ட்ரெய்னர்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் மேலிருந்து தினமும் பார்க்கிற எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ரிசீவர் இவனுக்கு இடப்பக்கம் வெட்டினால் ஒட்டிக்கொண்டே போகிறான்; வலப்பக்கம் வெட்டினால், அதாவது இடது காலை அழுத்தி ஊன்ற வேண்டி வந்தால், ஒரு சின்ன எட்டு கூடுதலாக வைக்கிறான். அந்த ஒரு எட்டு போதும், ரிசீவர் இரண்டு கெஜம் தள்ளிப் போய்விடுவான். நான் யாரிடமும் சொல்லவில்லை, கேமராக்காரன் கோச்சிடம் போய் என்ன சொல்வது?

ஒருநாள் சாயங்காலம் வீடியோ அறைக்குத் தனியாக வந்தான். "என் கால் போன கிளிப் இருக்கா?" அதுவரை பார்த்ததே இல்லையாம். போட்டுக் காட்டினேன். மெதுவாக ஓட்டச் சொன்னான், திரும்ப ஓட்டச் சொன்னான். கால் வழுக்கியிருக்கும், தப்பாக ஊன்றியிருப்போம் என்றே பத்து மாதமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வீடியோவில் அப்படி ஒன்றுமே இல்லை, தினம் நூறு தடவை வைக்கிற அதே எட்டுதான். "தப்பா ஒண்ணுமே செய்யலையே நான்" என்றான். நிம்மதியில் சொன்னானா பயத்தில் சொன்னானா என்று எனக்குப் புரியவில்லை.

போல்டர்வாசி:
நான் பார்த்தது கேலரியிலிருந்துதான், ஆனாலும் சொல்கிறேன். 2023 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை ராத்திரி, போல்டரில் ஃபோல்சம் ஃபீல்ட் மைதானம், எங்கள் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் ஆட்டம். ட்ராவிஸ் ஹன்ட்டர் திரும்பி வருகிறார் என்பதற்காகவே போனோம். செப்டம்பர் 16 அன்று கொலராடோ ஸ்டேட் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில், பந்து கையை விட்டுப் போன பிறகு விழுந்த இடியில் கல்லீரல் கிழிந்து, மூன்று ஆட்டங்கள் வெளியே இருந்தவர். தெரியாதவர்களுக்கு: அவர் ரிசீவராகவும் ஆடுவார், கார்னராகவும் ஆடுவார்.

பாதி ஆட்டத்தில் 29-0 என்று நாங்கள் முன்னிலை. ரூம்மேட் "மச்சான், கிளம்பலாமா, குளிருது" என்று ஆரம்பித்துவிட்டான். நல்லவேளை கிளம்பவில்லை. இல்லை, கிளம்பியிருந்தால்தான் நல்லது. இரண்டு ஓவர்டைம் போய் 46-43 என்று தோற்றோம்.

ரிசீவராக ஹன்ட்டர் அன்றைக்கு 13 கேட்ச், 140 கெஜம், 2 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது). காயமா, எங்கே என்று கேட்கிற மாதிரி. ஆனால் எதிர்ப்பக்கம் எலிக் அயோமனோர் என்ற ரிசீவர் அதே 13 கேட்ச் பிடித்து 294 கெஜம், 3 டச்டவுன். எல்லாமே ஹன்ட்டரைத் தாண்டி வந்தவை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஓவர்டைமில் பிடித்தது நேரே ஹன்ட்டர் மேல்தான், அவர் ஹெல்மெட்டுக்குப் பின்னாலேயே பந்தை அமுக்கிப் பிடித்தான். அரங்கமே ஒரு நொடி கப்சிப்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும், உடம்பைத் தயார் செய்துகொள்ளலாம். கார்னருக்கு அடுத்தவன் திரும்பின பிறகுதான் தெரியும். ஒரே ஆள், ஒரே ராத்திரி, ஒரு வேலை திரும்பி வந்துவிட்டது, இன்னொன்று கொஞ்சம் பின்தங்கியது என்றுதான் எனக்குத் தோன்றியது. களைப்பும் காரணமாக இருக்கலாம், மூன்று ஆட்டம் வெளியே இருந்துவிட்டு இரண்டு பக்கமும் ஆடினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது. அடுத்த வருடம் அதே ஆள் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார், அது வேறு கதை.

பிசியோ_அக்கா:
போல்டர்வாசி சொன்னது எங்கள் கிளினிக்கிலும் நடக்கிற விஷயம்தான். ஒற்றைக்காலில் தாண்டச் சொல்வோம், தொடைத் தசையின் பலம் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று அளப்போம். எல்லாவற்றிலும் பாஸ் ஆவான். ஆனால் அதெல்லாம் அவன் எப்போது தாண்டுகிறான் என்று அவனுக்கே தெரிந்த சோதனை. நான் எதிரே நான்கு நிறத்தில் கோன் வைத்து, ஓடி வரும்போது கடைசி நொடியில் ஒரு நிறத்தைக் கத்துவேன். அங்கேதான் குட்டு உடையும். அப்புறம் இந்தப் பையன்களிடம் வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்கவே கூடாது, எப்போதும் ஒன்றுதான். கார்னராக ஆடும் ஒருவன் தொடைப் பின்தசை கிழிந்து மூன்றாவது தடவையாக நொண்டிக்கொண்டே உள்ளே வந்து "ஒன்று" என்றான்.

ஏணிக்காரன் தம்பி, அந்தப் பையன் என்ன ஆனான்?

ஏணிக்காரன்:
அக்கா, அந்த சீசனில் நான்கு ஆட்டத்துக்கு மேல் அவனை இறக்கவில்லை. நான்குக்குள் இருந்தால், கல்லூரிக்கு ஆட ஒருவருக்கு அனுமதிக்கும் வருடங்களின் கணக்கில் அந்த வருடம் சேராது என்று 2018-இல் விதி வந்ததே, அதற்காக.

அதற்கு முன்னால், கேம்பின் மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ரிசீவர் வலப்பக்கம் வெட்டினான், இவனும் கூடவே வெட்டினான், அந்தக் கூடுதல் எட்டு இல்லை. அப்படியும் பந்து தலைக்கு மேலே போய் டச்டவுன் ஆகிவிட்டது, கோச் கத்தித் தீர்த்தார். சாயங்காலம் வந்து அந்தக் கிளிப்பைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.