மறு: காம்போசிட்டிங்கிற்குத் தமிழ்ச்சொல் – ‘இயைபடம்’

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு படங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரே காட்சியாக்கும் காம்போசிட்டிங்குக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘ஒட்டுப்படம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. வெட்டி ஒட்டுவதுதானே வேலை?

ஐயா, ஒட்டுப்படம் கொலாஜுக்கு, அதாவது துண்டுகளை ஒட்டி அமைக்கும் படத்துக்கு, நன்றாகப் பொருந்தும். அங்கே ஒட்டு வெளியே தெரியலாம், தெரிவதே அழகு. காம்போசிட்டிங்கில் வெவ்வேறு படங்களிலிருந்து வந்த துண்டுகள் ஒரே கேமராவில் ஒரே நொடியில் எடுத்தவை போல நிற்க வேண்டும். கணினிக்கு வெகுகாலம் முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை அச்சிட்டு ஒரே காட்சியாக்கினார்.

> ‘கூட்டுப்படம்’? ‘இணைப்படம்’?

கூட்டுப்படம் காதுக்கு இதமான சொல்தான். ஆனால் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் கலப்பு முறைகளில் ‘கூட்டல்’ என்று ஒன்று தனியாகவே உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு லேயர்களின் ஒளிமதிப்புகளை உண்மையிலேயே கூட்டுவது அது. ‘இணை’ என்றால் லேயர்களை ஒன்றாக்கும் மெர்ஜ் கட்டளையோடு மோதும். படத்தொகுப்பு என்ற சொல்லைத் திரைப்படக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

என் முன்மொழிவு: இயைபடம். வினைத்தொகை. இயைந்த, இயைகின்ற, இயையும் படம். செய்யும் வேலை, படம் இயைத்தல்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், புதிதாகக் கற்பவர்கள் தலைமுடியைப் பிசிறில்லாமல் வெட்டியெடுப்பதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். முடி சுத்தமாக வந்த பிறகும் ஆள் அந்தரத்தில் மிதக்கிறார். முதலில் பார்க்க வேண்டியது அடிவானக் கோடு. சமதரையில் மார்பு உயரத்திலிருந்து நேராக எடுத்த படத்தில், ஏறத்தாழ ஒரே உயரமுள்ளவர்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் கோடு அவர்கள் மார்பு வழியாகத்தான் போகும். மாடியிலிருந்து எடுத்த பின்னணியில் அப்படி எடுத்த ஆளைக் கொண்டுவந்து வைத்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் கால் தரையில் பாவாது.

அடுத்தது ஒளி. எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிழலின் ஓரம் கூர்மையா மங்கலா, வெளிச்சத்தின் நிறம் என்ன. வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் வெப்பநிலை அளவில் நண்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின், டங்ஸ்டன் விளக்கு சுமார் 3000. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒன்று நீலம் பாய்ந்தும் மற்றது மஞ்சள் பூத்தும் தெரியும். நிழலைப் ‘பெருக்கல்’ என்ற கலப்பு முறையில் வைப்பது வழக்கம். அது கீழே இருப்பதை இருட்டாக்குமே தவிர வெளுக்காது. பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் அடர்ந்தும் கூர்ந்தும் இருந்து, விலக விலக இளக வேண்டும். தொலைவில் உள்ள கருப்பு முழுக் கருப்பாக இருக்காது, இடையிலுள்ள காற்று அதை வெளிறச் செய்யும். பின்னணியில் குருணை (மணல் தூவியது போன்ற பொடிப் பிசிறு) இருந்து ஆள்மட்டும் வழவழவென்று இருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

இத்தனைக்கும் ஒரே வினை போதும். மட்டம் இயையவில்லை, ஒளி இயையவில்லை, குருணை இயையவில்லை. பிழையைத் திருத்திச் சொல்லும்போதே கலையின் பெயரும் வாயில் வருகிறது. ஒட்டு, கூட்டு, இணை எதிலும் இந்த வசதி இல்லை.

----

> ‘இயைபு’ யாப்பிலக்கணச் சொல்லாயிற்றே, மாணவர்கள் குழம்ப மாட்டார்களா? லேயர், மாஸ்க் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்தால் நல்லது.

அம்மா, யாப்பில் இயைபுத் தொடை என்பது அடிகளின் இறுதி ஒத்து வருவது. தனித்தனி அடிகள் ஒரு பாட்டாக நிற்க அதுவும் ஒரு வழி. படத்தில் நாம் கேட்பதும் அத்தகைய ஒத்திசைவுதான், ஆகவே அந்த உறவு எனக்கு உவப்பாகவே இருக்கிறது.

லேயருக்கு ‘அடுக்கு’ பரவலாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு குறை உண்டு. அடுக்கு என்பது ஒன்றையும் குறிக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மொத்தத்தையும் குறிக்கும். ‘அடுக்கில் மேலுள்ள அடுக்கை நகர்த்துக’ என்று பாடம் எழுத நேரிடும்போது தெரியும் சிரமம். ஓசோன் படலம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒன்று படலம், மொத்தம் அடுக்கு என்று பிரித்துக்கொண்டால் வாக்கியம் தெளிகிறது.

படலத்தில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று சொல்லும் மாஸ்க்குக்கு ‘முகமூடி’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். மாஸ்க் தானும் ஒரு சாம்பல்நிறப் படம். ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சல்) 8 பிட் கொண்ட படத்தில் 0 கருப்பு, முழுதாக மறைக்கும். 255 வெள்ளை, முழுதாகக் காட்டும். நடுவில் உள்ளவை அந்தந்த அளவுக்குக் காட்டும். அடியில் இருக்கும் படம் அழிவதே இல்லை. அழிப்பானால் தேய்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது முக்கியம். ‘மறைப்புப் படலம்’ என்றால் படலம் என்ற வரிசையிலும் சேர்கிறது, அதன்மேல் தூரிகையால் தீட்டலாம் என்பதும் விளங்குகிறது.

வெட்டிய ஓரத்தை மெல்ல மங்கவைக்கும் ஃபெதருக்கு ‘விளிம்பிளக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘விளிம்பை 3 புள்ளி இளக்குக’ என்று கட்டளையாகவும் வரும். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.