ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டிலேயே நிற்கிறது: மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பென்னாகரம் வாசகர்:
வணக்கம். எங்கள் பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. தருமபுரியில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது, கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைக் குறிக்கும் பி0171 என்ற குறியீடு வந்தது. முன் ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டிலேயே நிற்பதால் அதை மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் பெட்ரோல் செலவோ கூடியிருக்கிறது. இது எப்படிப் பொருந்தும்?

காவேரிப்பட்டணம் மெக்கானிக்:
ஐயா, அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். அந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியுள்ள ஆக்சிஜனை மட்டுமே உணர்கிறது. அதன் நுனியிலுள்ள சிர்கோனியா என்ற பீங்கானின் ஒரு பக்கத்தை வெளிக்காற்றும் மறுபக்கத்தைப் புகையும் தொடுகின்றன; ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறியதும், இரு பக்கத்து ஆக்சிஜன் அளவும் எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.8 அல்லது 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் என்று காட்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ கலவையைக் கூட்டிக் குறைப்பதால், நல்ல நிலையில் இந்த அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

சென்சாருக்கு முன்னால், இன்ஜினிலிருந்து புகையைத் திரட்டும் குழாயான மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால், புகையின் துடிப்பு வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். அந்த ஆக்சிஜனைக் கண்ட இசியூ, பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றும். உங்கள் செலவு கூடியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை இயக்கி, இணைப்பில் கரிக்கோடும் ‘டிக் டிக்’ ஓசையும் உண்டா என்று பாருங்கள். பிறகு, சூடான இன்ஜினில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். அப்போது வோல்ட் விரைந்து ஏறினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது என்று பொருள்.

ஓசூர் வாசகர்:
ஸ்பார்க் பிளக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், பயன்படாத ஆக்சிஜன் அப்படியே புகையில் வந்து இதே பொய்க் கணக்கை உண்டாக்கும். மேலும், புதிய கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது, கலவையின் விகிதத்தையே விரிவாக அளக்கும் வைட்பேண்ட் வகை. அதற்கு மேலே சொன்ன வோல்ட் கணக்கு பொருந்தாது.

பென்னாகரம் வாசகர்:
மிக்க நன்றி. கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது அளவு பூஜ்யத்தை ஒட்டி வருவதும் இதனால்தானா?

காவேரிப்பட்டணம் மெக்கானிக்:
அது இயல்பே. கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இசியூ பெட்ரோலை நிறுத்திவிடுவதால் வெறும் காற்றே சென்சாரைக் கடக்கிறது. முதலில் கேஸ்கெட்டை மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு, சமதளச் சாலையில் ஓட்டி அளவைப் பாருங்கள்.